எந்தப் பதினாலு?

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. கியூசிக் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் மனைவி போயங் அக்கா வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில்தான் நானும் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்.

கொரியாவில், இஞ்சியோனில் அவர்கள் வீட்டில் அன்று அண்ணனுடைய அப்பாவின் திதி. பேரிக்காய், மீன், அரிசி மது எல்லாம் படைத்தாயிற்று. முதல் கிண்ணத்தை ஊற்றி வணங்க வேண்டிய மூத்த மகன் தேஹோவைத்தான் காணோம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

போன இரண்டு திதிக்கும் அவர் வரவில்லை. அம்மா சன்னலை விட்டு நகரவே இல்லை.

"வரமாட்டான் அண்ணி. அவனுக்கு அப்பனாவது, ஆத்தாவாவது!" என்றார் சித்தப்பா.

அம்மா அழ ஆரம்பித்தார்.

"தப்பு என்மேலதான்." போயங் அக்கா சமையலறையிலிருந்து வந்தார். "பதினாலாம் தேதி விமானத்துல டிக்கெட் போட்டேன். பதிமூணு மணி நேரந்தானே, அன்னைக்கே வந்துடுவார்னு நெனச்சுட்டேன். இங்க பதினஞ்சாம் தேதி சாயங்காலம்தான் எறங்குது."

"இன்னைக்குத்தானே பதினாலு?"

"ஆமா சின்ன மாமா. அங்க இப்பத்தான் பதினாலே பொறந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணி. விமானம் மத்தியானம்."

"இங்கயும் பதினாலு, அங்கயும் பதினாலு. அப்ப அவன் எந்தப் பதினாலுல வர்றான்?"

கியூசிக் விரல்விட்டு எண்ணினார். இங்கிருந்து போனால், கிளம்பிய நேரத்துக்கு முன்னாலேயே போய் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து வந்தால் ஒரு நாளே காணாமல் போகிறது. ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் போகவும் வரவும் ஒன்றுதானே? மறுபடி எண்ணினார். விரல்கள்தான் மிஞ்சின.

அவருக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. இதே கணக்கில் ஏமாந்து தங்கை கல்யாணத்தைத் தவறவிட்ட ஒருவரைப் பற்றி, போன வாரம்தான் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"பதினஞ்சு வருசமா இதே வேலை! உன்னை நம்பி நான் ஜேஜு தீவுக்குக்கூட விமானம் ஏறமாட்டேன்," என்றார் சித்தப்பா. "எங்க அண்ணன் திதியையே கெடுத்துட்டியே!"



"விடுங்க கொழுந்தனாரே," என்றார் அம்மா. "அப்ப எம்புள்ள வர்றான், அப்படித்தானே அம்மாடி?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு எறங்கிடுவார் அத்தை."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கியூசிக், நீ ஊத்துடா. அப்பா கோவிச்சுக்க மாட்டார். மீன்ல பாதியை மட்டும் எடுத்து வையி, அவனுக்கு."

மறுநாள் சொன்னபடியே தேஹோ வந்து இறங்கினார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முள் எடுத்து ஊட்டாத குறைதான். சித்தப்பாதான் போயங் அக்காவோடு இன்றுவரை பேசுவதில்லை.

கேட்டதிலிருந்து எனக்குத்தான் பயம். பதினைந்து வருட அனுபவமே தேதியில் தடுக்கி விழுந்தால், நான் எம்மாத்திரம்? எங்கே தவறினார் என்று தெரிந்துகொள்ள, அலுவலகத்தில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன்.

தேஹோ பெயரில் இருந்தது ஒரே டிக்கெட்தான். பதினான்காம் தேதி மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, வீட்டில் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தபோது, அக்காவின் செல்பேசியிலிருந்து போட்டது.