மறுத்தார்

"வெண்டைக்காயை விளக்கெண்ணெயில வதக்கின மாதிரி இருக்கு சார் உங்க அறிக்கை" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார் மேலாளர் அம்மா.

எதிரில் இருந்த தலைமை எழுத்தர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அந்தப் பேனாவுக்குக் கிடங்கே நடுங்கும்.

விஷயம் இதுதான். சரக்குத் தூக்கும் வண்டி சுவரில் மோதிப் பெட்டிகள் சரிந்தன. பேக்கிங் ஆள் ஒருவனுக்குக் கால் முறிந்தது. வண்டியை ஓட்டியவன் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறான். தலைமை அலுவலகம் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் அவனை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா என்று முடிவு செய்யும்.

எழுத்தர் இளகிய மனசுக்காரர். யாரையும் குத்தாமல்தான் எழுதியிருந்தார்.

"'விபத்து ஏற்பட்டது.' அதுவா வந்து ஏற்பட்டுச்சா? காலிங்பெல் அடிச்சுட்டு உள்ள வந்துச்சா?"

"இல்ல மேடம்..."

"சுவத்துல இடிச்சது யாரு?"

"வண்டி."

"வண்டிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"...டிரைவர்தான் மேடம்."

"அப்ப, 'ஓட்டுநர் வண்டியைச் சுவரில் இடித்தார்.' எழுதுங்க."

எழுதினார்.

"அடுத்தது. 'வண்டியை எடுக்க ஓட்டுநர் சற்றுத் தயங்கியதாகத் தெரிகிறது.' யாருக்குத் தெரியுது?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"'பிரேக் பிடிக்கல, எடுக்க மாட்டேன்'னு போன்ல சொன்னானாம்."

"இதுக்குப் பேரு தயக்கமா? 'மறுத்தார்'னு போடுங்க."

"மேடம், சொன்ன பேச்சு கேக்காதவன்னு சீட்டைக் கிழிச்சுடுவாங்க. பிள்ளைகுட்டிக்காரன்."

"மறுத்தார்."

நெஞ்சில் ஈரமே இல்லாத ஜன்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுத்தர் வெளியே வந்தார்.

பெஞ்சிலிருந்து டிரைவர் எழுந்தான். "அண்ணே, ஏதாவது பார்த்து எழுதுங்கண்ணே."

"நானும் பூசி மெழுகித்தான் பார்க்கறேன் தம்பி. அந்தம்மா சுரண்டிச் சுரண்டி எடுக்குது. போன்ல உன்னை விரட்டினது யாரு? அதையாவது சொல்லித் தொலையேன்."

அவன் தரையைப் பார்த்தான். "வேணாம்ணே. இருக்கற கஞ்சியும் போயிடும்."

எழுத்தர் உள்ளே திரும்பினார். பேனா கடைசி வரியில் நின்றிருந்தது.

"'அவசரம் கருதி வண்டி எடுக்கப்பட்டது.' இருக்கறதுலயே மோசம் இதுதான். மறுத்தவன் எப்படி எடுத்தான்?"

"போன்ல கொஞ்சம் அழுத்தம்..."

"கொஞ்சமா?"

"'எடுக்கலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே'ன்னாங்களாம்."

"அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவாங்க?"

எழுத்தர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மிரட்டல்."

"மிரட்டினது யாரு?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறான் மேடம். கல்லுளிமங்கன்."

மேலாளர் தாளை இழுத்து, கடைசி வரியை அடித்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

"'தயங்கினார்'னு போயிருந்தா, தெரிஞ்சே பிரேக் இல்லாத வண்டியை எடுத்தவன்னு அவன் தலையிலதான் விடிஞ்சிருக்கும். நல்லவேளை, உங்க நல்ல மனசு அவனைக் கவுக்கறதுக்குள்ள பார்த்தேன். இன்னிக்கே அனுப்புங்க."

எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க ஓட்டுநர் மறுத்தார். கிடங்கு மேலாளராகிய நான் அவரை மிரட்டினேன்.'