பயிற்சியில் முதலிடம்

புது செமஸ்டருக்கு முன்னால் பேராசிரியர்களுக்கெல்லாம் ஒரு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சி. அவரவர் பாடம் முழுவதையும் வீடியோவாக எடுத்து, பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும்.

என் பக்கத்தில் தத்துவப் பேராசிரியர். மண்டையில் இருந்த தத்துவமெல்லாம் மவுஸைத் தொட்டதும் ஆவியாகிவிட்டது மனுஷனுக்கு.

"ஏம்மா, எந்தப் பட்டனை அமுக்கணும்?" என்று பயிற்சி கொடுத்த பெண்ணிடம் எட்டாவது தடவையாகக் கேட்டார்.

"சார், நேத்தும் மைக்கை ஆன் பண்ணாமலே ஒரு மணி நேரம் பேசியிருக்கீங்க!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுகூட வரலைன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே சார்? எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

அவர் தலையைச் சொறிந்தார்.

என் நாற்பது பாடங்களும் கண்ணாடி மாதிரி தளத்தில் ஏறின. அவருடைய நாற்பதும் ஊமைப்படம்.

செமஸ்டர் தொடங்கிய அன்று பதிவாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கிழவருக்கு இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று வேடிக்கை பார்க்கப் போனேன்.

பதிவாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க வீடியோ ஒவ்வொண்ணும் பிரமாதம் சார். பசங்க அதைப் பார்த்தே படிச்சுக்குவாங்க. இனிமே நீங்க வர வேண்டாம்."

பிறகு தத்துவத்தின் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்.

"உங்களை வெச்சுக்கிட்டு வேற என்ன பண்றது? வழக்கம்போல வகுப்புக்குப் போங்க."