யார் அடித்தது?

"இன்னொரு டீ சொல்லவா?" என்றார் தலைமையாசிரியர் ஷவ்கத்.

நஜ்வாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. புகாரை எழுதிக்கொள்ளச் சொன்னால் மனுஷன் டீயாக ஊற்றித் தள்ளுகிறார்.

மகன் ஹைதமின் உள்ளங்கையை மறுபடியும் மேசைமேல் விரித்துக் காட்டினாள். ரப்பர் குழாயின் தடம் தடித்துச் சிவந்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை. பத்து வயதுப் பையனுக்கு இன்று காலை அவள்தான் ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிட்டாள்.

ஷவ்கத்தின் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், மாணவர்களை அடிக்கக் கூடாது என்ற அமைச்சக உத்தரவு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"சட்டம் இருக்கும்மா, யாரு இல்லேன்னா? வேற வாத்தியார் கை வெச்சிருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பேன். ஆனா இஸ்ஸத் உங்க வீட்டுக்காரராச்சே! பெத்த புள்ளைய அப்பன் அடிச்சதுக்கெல்லாம் இந்த மன்சூரா ஊருல யாரு கேஸ் போடறா?"

"நான் புருஷனைப் பத்தி புகார் குடுக்க வரல. கணக்கு வாத்தியாரைப் பத்திக் குடுக்க வந்திருக்கேன்."

வீட்டில் பிள்ளைமேல் ஒரு விரல் பட அவள் விட்டதில்லை. அவள் அதிகாரமெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி. அப்பாவும் மகனும் ஒன்றாக மினிபஸ் ஏறும்போதெல்லாம் வண்டி மறையும்வரை நின்று பார்ப்பாள்.

"சரி, அடிக்கும்போது அவரு வாத்தியாரா, அப்பாவா? அதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்." பெரிய வக்கீலை மடக்கிவிட்ட மாதிரி ஷவ்கத் சிரித்தார்.

இதற்குப் போய் எங்கே சாட்சி தேடுவது? நஜ்வா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஹைதம் எழுந்திருக்கவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டான், அடித்தேன் என்று இஸ்ஸத் வீட்டில் சொன்னபோதுகூட வாய் திறக்காத பிள்ளை.

"கணக்கு சரியாத்தான் சார் போட்டேன்" என்றான். "போட்டு முடிச்சிட்டு, 'சரியாப்பா?'ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. 'இங்க நான் உனக்கு அப்பா இல்லடா, வாத்தியார்'னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு."

ஷவ்கத் டீயைக் கீழே வைத்தார்.

நஜ்வா நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"எழுதிக்குங்க" என்றாள்.