இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

வந்திருந்தவர்கள் நால்வர். பளீல், தன் ரெக்கோட் பிளேயருக்குப் பக்கத்தில். திரேசா மிஸ், மெத்தை போட்ட ஒரே கதிரையில். நடராஜா, படிக்கட்டோரம். பரமநாதன், கடிதத்தாளோடு மேசையில்.

ஐந்தாவது கதிரை இராஜரத்தினத்தினுடையது. அதில் இசைத்தட்டின் உறையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மடவளையில், பளீலின் துணிக்கடைக்கு மேலே, மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூடுவார்கள். ஒரு தட்டு முழுதாகப் போடப்படும். ஆளுக்கொரு அபிப்பிராயம். பரமநாதன் சொன்னதைச் சொன்னபடி எழுதி, உரக்க வாசித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்; கடிதம் லண்டனில் இருக்கும் இராஜரத்தினத்துக்குப் போகும்.

இராஜரத்தினம் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு போனவர். மஹய்யாவ வீட்டைப் பூட்டி, திறப்பை நடராஜாவிடம் கொடுத்து, இசைத்தட்டுகளை மட்டும் காப்பாற்றச் சொல்லிவிட்டுப் போனார். தான் போய்ச் சேர முந்தியே எல்லாம் எரிந்து சாம்பல் என்று நடராஜா எழுதினார். எழுதும்போது அழுதார். அந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டியதும் பரமநாதன்தான்.

போன மாதம் இராஜரத்தினத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. மற்றதெல்லாம் போகட்டும், அந்த ஏழாவது தட்டைத் தேடிப் போட்டுக் கேளுங்கள், இப்போதாவது பிடிக்கிறதா பார்ப்போம்.

புறோகிறெசிவ் றொக் என்ற நீண்ட ஆங்கிலப் பாட்டுகளுக்கு உயிரை விடுகிறவர்கள்கூட, இராஜரத்தினத்துக்குப் பிடித்த அந்த ஆங்கிலக் குழுவின் ஏழாவது தட்டை ஒதுக்கித்தான் வைத்தார்கள். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் இராஜரத்தினம் ஒருவர்தான்.

கொழும்பில் ஒரு கடையில் வாங்கியதாகச் சொல்லி நடராஜா அந்தத் தட்டைக் கொண்டுவந்திருந்தார்.

முதற் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் ஓடியது. பரமநாதனின் விரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் பாட்டில், புல்லாங்குழல் மேலே ஏறுகிற இடத்தில், விரல் தானாக நின்றது.

அதற்குப் பிறகுதான் ஊசி குதித்தது. சற்றுத் தள்ளி இன்னொரு தரம்.

பரமநாதன் கதிரையில் இருந்த உறையைப் பார்த்தார். வலது மூலையில், பெயர் எழுதி ஒட்டுமளவு இடத்தில், மட்டை உரிந்து வெள்ளையாக இருந்தது.

"ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள அஸர் தொழுதுட்டு வந்திரலாம்" என்றார் பளீல்.

"பூசையிலயாவது எப்ப முடியும்னு தெரியும்" என்றார் திரேசா மிஸ்.

"இதை ஆர் வாங்குவான், ஐசே?" என்றார் நடராஜா. "மற்றதெல்லாம் சுடச்சுடப் போகும். இதைக் கடைக்காரன் கையாலயும் தொடமாட்டன் எண்டிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பரமநாதன் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். பேனை ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது.

வாசித்து முடித்ததும் நடராஜா விரலை உயர்த்தினார்.

"ஊசி குதிக்கிறதையும் எழுதும். அதுவும் ஒரு குறைதானே."

எழுதினார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு, புல்லாங்குழல் ஏறுமிடத்தில் ஊசி இரண்டு தரம் குதிக்கிறது.

எண்பத்தொன்றில், மஹய்யாவ வீட்டில், கையில் கட்டியிருந்த மணிக்கூட்டுப் பட்டி இடறி அந்தக் கீறலைப் போட்டவர் பரமநாதன். "பரவாயில்லை, இனி எங்கை கேட்டாலும் இது என்ரை தட்டெண்டு தெரியும்" என்று சிரித்தவர் இராஜரத்தினம். அன்று அந்த அறையில் மூன்றாம் ஆள் இல்லை. பிறகும் அந்தத் தட்டைப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பளீல் கையெழுத்துப் போட்டார். திரேசா மிஸ் போட்டார். நடராஜா, தன் பெயரை முழுதாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது எப்போதும் அவர் பொறுப்பு. உறையை நாக்கால் ஈரமாக்கி, விரலால் நீவி ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பரமநாதன் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தியில் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் நடராஜா கடிதத்தைப் போட்டார். வாயிலேயே சிக்கி நின்றுவிடாமல், விரல்களை உள்ளே விட்டு ஒருமுறை தள்ளியும் விட்டார்.