கால் அங்குலம்

அளவுப் பலகையில் கிடத்தியதும் மீன் உடம்பை வளைத்துக்கொண்டது. தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்ததால் வெஸ்லி தன் பச்சை நூலை மட்டும் அறுத்துவிட்டிருந்தான்.

"நேரா நீட்டிப் படம் எடுடா, கால் அங்குலம் போகுது பாரு," என்று பக்கத்துக் கயாக் படகிலிருந்து ஹாய்ட் சிரித்தான்.

"மூச்சு வாங்குதுடா. செத்துருச்சுன்னா படமே செல்லாது."

இருபத்தொன்றே கால் அங்குலம் காட்டிய படத்தைப் போட்டி நடுவருக்குக் கைபேசியில் அனுப்பினான். மிக நீளமான மீனுக்கே பரிசு; படம் எடுத்ததும் மீனை உயிரோடு ஏரியில் விட்டுவிட வேண்டும். முதலிடத்துக்கு மட்டும்தான் மாநில இறுதிப்போட்டி. வேலை பார்க்கும் கோழி இறைச்சி ஆலையில் மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய ஒரே சனிக்கிழமை விடுப்பு இது. அப்படியும் மீன் தெளிந்து நீந்தும்வரை அதைத் தண்ணீரில் பிடித்தபடி அரைமணி நேரம் குனிந்தே கிடந்தான்.

சாயங்காலம் கரையில் முடிவு சொன்னார்கள். ஹாய்ட் முதலிடம், இருபத்தொன்றரை. வெஸ்லி இரண்டாமிடம்.

"அப்பவே சொன்னேன்ல," என்று ஹாய்ட் அவன் முதுகில் தட்டினான்.

வெற்றிப் படத்தைத் திரையில் போட்டார்கள். பலகையில் நேராக நீட்டிக் கிடந்த மீனின் வாயோரம் விரல் நீளத்துக்குப் பச்சை நூல் தொங்கியது.

வெஸ்லி நடுவரிடம் ஓடினான். "சார், அது நான் பிடிச்ச மீனு. அந்த நூல் என்னுது."

நடுவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உயிரோடதானே விட்டே, தம்பி?"

"ஆமாங்க."

"அப்போ அது ஏரி மீன். யாருக்கு மாட்டுதோ அவனுக்கு."