ரேஞ்சர் கண்டுபிடித்த ஜோடி

"அந்த ஆணிய அங்க அடிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? மண்ணு பொலபொலன்னு இருக்கு. காத்தடிச்சா உங்க கூடாரம் பறந்து வந்து என் தலையில விழும்."

"விழட்டும். அப்பவாவது கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்கும்."

"காலையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். உருப்படியா செஞ்ச ஒரு காரியத்தச் சொல்லுங்க பாப்போம்."

"காலையிலேர்ந்து இந்தப் பேச்சக் கேட்டுட்டு இருக்கேனே, அது ஒண்ணு போதாதா?"

சண்டை, முகாமின் ஏழாம் நம்பர் இடத்தில், வயசான ஒரு அம்மாவுக்கும் ஒரு பெரியவருக்கும். கேட்டது ஏரிக்கரை முழுவதும். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் காபியை ஆறவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கக் குனிந்த ரேஞ்சர் பத்து நிமிஷமாக ஒரே மரையைத் திருகிக்கொண்டிருந்தார். அது இறுகியே வெகு நேரமாகிவிட்டது.

ஒட்டுக்கேட்பது அவர் குணமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு நியாயமான காரணம் இருந்தது.

டவுனிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வர வேண்டிய காடு இது. போனில் சிக்னல் கிடையாது. பெண்டாட்டி பிள்ளைகளை டவுனில் விட்டுவிட்டு மூன்று வருஷமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறார். ஒருவழியாக மாற்றல் வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. முகாமைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதியை அமர்த்திச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தனி ஆளாக விட்டால் இரண்டே மாதத்தில் மரத்தோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது மேலிடத்தின் அனுபவம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜோடி கிடைக்காவிட்டால் மாற்றல் வேறொருவருக்குப் போய்விடும். இன்றைக்கு வெள்ளி.

போன மாதம் ஒரு ஜோடியை அமர்த்தித்தான் பார்த்தார். வாய்க்கு வாய் 'செல்லம், செல்லம்' என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். நாலாம் நாள் அந்தச் செல்லம் காலை பஸ்ஸிலும் இந்தச் செல்லம் சாயங்கால பஸ்ஸிலும் ஊர் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து ரேஞ்சர் தாம்பத்திய விஷயத்தில் நிபுணராகிவிட்டார். கொஞ்சுகிறவர்கள் காட்டில் நிலைக்க மாட்டார்கள். வாய் ஓயாமல் சண்டை போடத் தெரிந்தவர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள். இது அவர் முடிவு. அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

நேரே முகாம் வாசலுக்குப் போனார். சீட்டு எழுதும் கிளார்க் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர்ல கேட்டியாய்யா? இப்படி மூச்சு விடாம சண்ட போட முப்பது வருஷப் பழக்கம் வேணும்."

"சார், மிச்சமிருந்த ஒரே இடத்துல அவங்க ரெண்டு கூடாரம்ல கட்டுறாங்க?"

"நாப்பது வயசாகியும் தனியா சமைச்சுத் திங்கிறவன் நீ. உனக்கென்ன தெரியும்? அவரு குறட்டை விடுவாருய்யா. எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?"

கிளார்க் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேஞ்சர் கையமர்த்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

ஏழாம் நம்பரில் சண்டை கூடாரத்திலிருந்து அடுப்புக்கு மாறியிருந்தது.

"வணக்கம். ரெண்டு பேரும் என்ன வேல பாத்துட்டு இருந்தீங்க?"

"லாரி மெக்கானிக். ரிட்டையர் ஆயாச்சு."

"ஆஸ்பத்திரில நர்ஸு. நானும் ரிட்டையர் ஆயிட்டேன். இவரு மெக்கானிக்காம். அடுப்பு பத்த வைக்கத் தீப்பெட்டி முழுக்கக் காலி பண்ணிட்டாரு."

"வாயால ஊதி அணைச்சது யாரு?"

ரேஞ்சருக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. மெக்கானிக், நர்ஸ். பம்பு பழுதானாலும் ஆச்சு, யாருக்காவது காய்ச்சலானாலும் ஆச்சு. விஷயத்தை நேராகப் போட்டு உடைத்தார். முகாமைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். கழிவறையைக் கழுவ வேண்டும், பம்பை ஓட்ட வேண்டும், கரடி வராமல் சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிக் கத்த வேண்டும்.

"கத்துறதுக்கு ஆள் இருக்கு" என்றார் மெக்கானிக்.

நர்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "தங்க இடம்?"

"மேட்டு மேல வீடு. ரெண்டு ரூம்."

"நடுவுல கதவு உண்டா?"

"உண்டும்மா."

"தாழ்ப்பாள்?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"அப்ப எனக்குச் சம்மதம். இவருக்கு எப்படியோ."

மெக்கானிக் ஏரியைப் பார்த்தார். அது எருமை முதுகுபோலச் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

"பையன் வீட்டு ஹால்ல, டிவிக்கு முன்னாடி படுத்துக் கிடக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார் மெதுவாக. "தொல்லை ஏதும் இருக்குமா சார்?"

"மேலதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவதான் வருவாரு."

"பக்கத்து ரூம் தொல்லையக் கேக்கறேன்."

"அது நம்ம கையில இல்லைங்க" என்று ரேஞ்சர் வாய்விட்டுச் சிரித்தார். மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. ஆளைப் பார்த்தாலே எடை போடத் தெரிந்தவர் விசாரிப்பானேன்? படிவத்தைக்கூட அவரே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் ஏறியபோது பம்பு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக அதைப் பற்றிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. மாற்றலில் டவுனுக்குப் போனவர் புது ஆபீஸில், 'ஜோடின்னா என் ஜோடி' என்று ஆறு மாதமாக எல்லோர் காதிலும் ரத்தம் வர வைத்தார்.

ஏழாவது மாதம் அவருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் முகவரியில் காட்டு முகாம் என்று இருந்தது.

"உங்க மெக்கானிக் பையனுக்குக் கல்யாணம் போலிருக்கு" என்றாள் மனைவி.

ரேஞ்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார், மணமகன் இடத்தில் மெக்கானிக்கின் பெயரே இருப்பதைக் கண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மணமகள் பெயருக்குக் கீழே நர்ஸம்மா தன் கைப்பட எழுதியிருந்தார்: 'முகாமுக்கு வந்த அன்னிக்குக் காலையில பஸ் ஏறுற வரைக்கும் இந்த மனுஷன் யாருன்னே எனக்குத் தெரியாது சார், சேர்த்து வச்சது நீங்க, அதனால முதல் ஆளா வந்துடணும்.'