ரெண்டு சீட்டு காடி

"பின் சீட்டு எதுக்குங்கிறேன்? அதுல யாரு ஏறப் போறா?"

மங்களம் கடைக்காரர் ஆ லெங்கைக் கேட்டாள். வெள்ளைப் போர்ஷேவை அவர் இவ்வளவு நேரம் அந்தப் பின் சீட்டை வைத்துத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

பக்கத்திலேயே சிவப்பு ஃபெராரி நின்றது. மங்களம் குனிந்து அதன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். குளித்த கையோடு கிளம்பி வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும்.

ஆ லெங் சீனர்தான், ஆனால் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். தமிழில் வியாபாரம் மட்டுமல்ல, சண்டையும் போடுவார்.

"போர்ஷே தெனைக்கும் ஓட்டலாம் அக்கா. பசாருக்கு மீன் வாங்கக்கூட எடுத்துட்டுப் போலாம். ஃபெராரி அப்படி இல்ல. அது ஞாயித்துக்கிழம காடி லா."

"அவருக்கு இனிமே எல்லா நாளும் ஞாயித்துக்கிழமதான்" என்றாள் மங்களம்.

வாசலில் நின்ற அவள் கொழுந்தன் ராஜு லைட்டரைத் தட்டித் தட்டி அணைத்துக்கொண்டிருந்தான். கோயில் கமிட்டியில் பொறுப்பில் இருப்பவன். ஊர் என்ன சொல்லுமோ என்பதிலேயே பாதி உயிரை விடுகிற மனுஷன்.

"அண்ணி, நம்ம சனத்துல யாராச்சும் இப்படிப் பண்ணியிருக்காங்களா? புந்தோங் ஊர் முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்க பல்லு, அவங்க சிரிக்கிறாங்க."

"அப்படி வாங்கித்தான் ஆகணும்னா உள்ளூர் காடி ஒண்ணு வாங்கிக் குடுங்க. அண்ணனுக்கு எதுக்கு ஃபெராரி?"

மங்களத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கா? தஞ்சோங் மாலிம் ஃபேக்டரியிலேர்ந்து டிரெய்லர்ல ஆறு ஆறு காடியா ஏத்திக்கிட்டு வந்து எறக்கினாரே, அதுல ஒண்ணாச்சும் அவருதா? ஹைவேயில போர்ஷேயும் ஃபெராரியும் அவரத் தாண்டிப் பறக்கும். வீட்டுக்கு வந்து, 'நம்ம போர்ஷே வளைவுல ஒட்டிக்கிட்டே திரும்புது மங்களம், ஆனா நம்ம ஃபெராரி சத்தம் இருக்கே'ன்னு ஆரம்பிப்பாரு. ரெண்டையும் வாங்கிக் கொட்டாயில நிறுத்தி வெச்சவரு மாதிரியே பேசுவாரு. சோறு ஆறிப் போயிரும். எது ஒசத்தின்னு கடைசி வரைக்கும் அவராலயே முடிவு பண்ண முடியல."

"அதுக்காக? இத வாங்கினீங்கன்னா நாளைக்குப் பூஜைக்கு நான் வர மாட்டேன். கமிட்டியிலேர்ந்து ஒருத்தரும் வர மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு. வாடகைக்கு எடுத்த நாற்காலியில கால நீட்டிக்கிட்டு உக்காருவேன்."

ஆ லெங் சிரிப்பை அடக்கிக்கொண்டு போர்ஷேவைத் துணியால் தட்டினார். மங்களம் அதை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு சிவப்பின் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"இதுதான். பின் சீட்டு இருந்தா ஊர்ல போறவன் வாரவன் எல்லாம் ஏறிக்குவான். அவருக்கு இல்லேன்னு சொல்ல வாய் வராது. அடுத்தவனுக்காக ஓட்டினது போதும்."

"சரி அக்கா. மழை வர்றதுக்குள்ள குடுத்துருங்க, நனைஞ்சா வீணாயிடும்." ஆ லெங் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. குடுக்கிறப்ப ஓனர் பேரச் சத்தமாச் சொல்லணும். இல்லேன்னா வேற எவனாச்சும் ஓட்டிட்டுப் போயிருவான்."

மங்களம் ஃபெராரியின் மேலிருந்த கையை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. 'அவரு', 'ஏங்க', அதற்கு மேல் தாண்டியதில்லை. கிளினிக்கில் பேர் கேட்டால்கூட வாயைத் திறக்காமல் அவருடைய ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள்.

ராஜுவைப் பார்த்தாள். "நீ சொல்லேன் தம்பி. உன் அண்ணன்தானே?"

ராஜுவுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல மாட்டீங்க. புருஷன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்க எல்லாரையும் மெரட்டினதே நீங்கதானே? அவ்வளவுதான் அண்ணி. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவன் தெருவில் நிறுத்தியிருந்த தன் காரின் பக்கம் திரும்பிவிட்டான். மங்களம் முந்தானையை இழுத்துச் செருகினாள். இவனிடமா தோற்பது?

இரண்டே எட்டில் போய் அவன் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கினாள். திரும்பி வந்து, ஃபெராரியை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் நடந்தாள்.

ஆ லெங் கரி பிடித்த இரும்புத் தொட்டியை இழுத்துப் போட்டார். ராஜு "அண்ணி! அண்ணி!" என்று ஓடி வருவதற்குள் சிவப்புக் காகிதக் கதவில் தீ பற்றிக்கொண்டது. செத்தவர்களுக்குச் சீனர்கள் எரித்து அனுப்பும் காகிதச் சாமான் எல்லாம் அந்தத் தொட்டி வழியாகத்தான் போகும்.

மங்களம் புகை போகும் திசையில் தலையை நிமிர்த்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அர்ச்சுனன்! நான் வர்ற வரைக்கும் பக்கத்துச் சீட்டுல எவளும் ஏறக் கூடாது!"